தெம்பே, தயிர், மாவு புளிக்க வைக்கும் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலும் (குடியிருப்பிலும்) சுற்றியுள்ள தோட்டங்களிலும் சில வீடுகளில் பழைய பிரிட்ஜிலோ மீன் வரும் போலிஸ்டிரின் பெட்டியிலோ ஒரு வெப்பக் கண்ட்ரோலரை (சென்சரால் சூட்டை அளந்து கரண்டைத் தானே கொடுத்து நிறுத்தும் கருவி) மாட்டித் தெம்பேயும் (வேக வைத்த சோயாவைப் பூசணத்தால் புளிக்க வைத்துக் கட்டியாக்கும் உணவு) தயிரும் செய்கிறார்கள். கோயில் அன்னதானத்தில் பார்த்தாலும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தாலும் கேட்பது அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் இருக்கின்றன, சிக்கலானவை பின்னால் வரும்.

நம் ஊர் சூட்டுக்கு இதெல்லாம் எதற்கு? வெளியே வைத்தாலே புளிக்கிறதே.

இட்லி மாவைப் பொறுத்தவரை அது உண்மைதான். இரவில் 24 டிகிரி, பகலில் 32, 33 டிகிரி இருக்கும் ஊரில் மாவு எட்டு முதல் பத்து மணி நேரத்தில் தானாகப் பொங்கிவிடும். மாவு மட்டும் அரைப்பவர்கள் இந்தப் பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

தெம்பேக்கு ஒன்றரை நாள் 30 முதல் 32 டிகிரி வரை நிலையாக வேண்டும். கெட்டித் தயிர் 42, 43 டிகிரியில்தான் நன்றாக உறையும். முட்டைக்கோசை உப்புப் போட்டுப் புளிக்க வைக்கிறவர்களுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும், அது நம் வீட்டில் எந்த மூலையிலும் கிடைக்காது. தகரக் கூரை அடுப்படி மதியம் கொதிக்கிறது, நாலு மணி மழை பெய்ததும் சட்டென்று குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் கெடுக்கிறது. கேமரன் மலையில் இருப்பவர்கள் கதை வேறு. அங்கே இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் மாவுக்கே பெட்டி தேவைப்படும்.

அண்ணே, என்னென்ன வாங்கணும்?

சூடு மட்டும் போதும் என்றால் (தயிர், மலைப்பகுதியில் மாவு) மூடியுள்ள போலிஸ்டிரின் பெட்டி, 25 வாட் சூடு தரும் ஏதாவது ஒன்று, ஒரு கண்ட்ரோலர். அவ்வளவுதான். சூட்டுக்குப் பழைய குண்டு பல்பு நல்லது. எல்இடி பல்பு இதற்குப் போதிய சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் நாற்று முளைக்க வைக்கும் சூட்டுப் பாயோ, ஊர்வன வளர்ப்பவர்கள் வாங்கும் செராமிக் சூட்டுப் பல்போ பயன்படுத்தலாம். செராமிக் பல்பு கைப்பட்டால் சுட்டுவிடும் அளவுக்குக் காயும். போலிஸ்டிரினைத் தொடாதபடி, செராமிக் ஹோல்டரில் மாட்டி, கம்பிக் கூண்டுக்குள் வையுங்கள். முடி காய வைக்கும் டிரையரைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

குளிரும் வேண்டும் என்றால் பழைய இரும்புக் கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஓடுகிற நிலையில் உள்ள ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்றைப் பாருங்கள். கண்ட்ரோலரில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. இங்க்பேர்டு ஐடிசி-308 போன்றவை பிளக்கோடு வரும். சூட்டுக்கு ஒரு சாக்கெட், குளிருக்கு ஒரு சாக்கெட், குத்தினால் வேலை முடிந்தது. எஸ்டிசி-1000 விலை குறைவு, ஆனால் வெறும் பெட்டியாக வரும், வயரை நாம்தான் இணைக்க வேண்டும். அது 240 வோல்ட் வேலை. வயர்மேனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் இல்லை.

பிரிட்ஜுக்குள் இருக்கும் திருகை எந்த எண்ணில் வைப்பது?

அதிகக் குளிர் எண்ணில் வைத்து விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ட்ரோலர் கரண்ட் கொடுக்கும்போது பிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் குறுக்கே வந்து நிறுத்திவிடும்.

32-இல் வைத்தேன், திரையும் 32 காட்டுகிறது. ஆனால் தெம்பே அவிந்துபோய் அம்மோனியா நாற்றம் அடிக்கிறது. கண்ட்ரோலர் கெட்டுவிட்டதா?

கண்ட்ரோலர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சென்சர் எங்கே இருந்தது என்று பாருங்கள். காற்றில் தொங்கியிருந்தால் அது காற்றின் சூட்டைத்தான் சொன்னது. தெம்பேயின் சூடு வேறு. என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெம்பேயை உருவாக்கும் ரைசோபஸ் பூசணம் வளரும்போது தானாகச் சூடு விடும். முதல் பன்னிரண்டு மணி நேரம் சோயா அமைதியாக இருக்கும், அப்போது வெளியிலிருந்து நாம் சூடு தர வேண்டும். அதற்குப் பிறகு வெள்ளை நூல் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். காற்று 32 டிகிரியில் இருந்தாலும் பொட்டலத்தின் நடுப்பகுதி 40-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பூசணம் தளர்ந்துவிடும், சூடு தாங்கும் பாக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாற்றமும் பிசுபிசுப்பும் அதனால் வருபவை. அப்படி ஆனதைச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? சென்சரை இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு சின்னத் துணி மடிப்பை வைத்து டேப் ஒட்டுங்கள். அப்போது அது உணவின் சூட்டைச் சொல்லும். 31 என்று வையுங்கள். பொட்டலம் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கம்பித் தட்டில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். யுஎஸ்பியில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை உள்ளே வைத்தால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சூட்டில் இருக்கும். பூசணத்துக்கு மூச்சுக் காற்றும் வேண்டும், ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூடுங்கள்.

அப்படியானால் தயிருக்கும் சென்சரைப் பாலுக்குள்ளேயே விடலாமா?

வேண்டாம். இந்தச் சென்சர்கள் நாள் முழுக்க ஈரத்தில் ஊறுவதற்குச் செய்தவை அல்ல, சுத்தமும் இருக்காது. இன்னொரு காரணமும் இருக்கிறது. பால் மெதுவாகத்தான் சூடாகும். நடுப்பால் 42-ஐத் தொடும்வரை பல்பு எரிந்துகொண்டே இருந்தால், பல்புப் பக்கத்து ஓரப் பால் அதற்குள் 50-க்குப் போய்விடும். ஓரத்தில் திரிந்து தண்ணீர் விட்ட தயிர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

பாத்திரத்தின் வெளிப்பக்கம், பல்புக்கு எதிர்த்திசையில், சென்சரை ஒட்டித் துணியால் மூடுங்கள். அதைவிட முக்கியம், பாலைச் சூடாகவே உள்ளே வைப்பது. 85 டிகிரி வரை காய்ச்சி, 44-க்கு ஆற வைத்து, உறை ஊற்றி, உடனே பெட்டியில் வையுங்கள். அப்போது பெட்டியின் வேலை சூட்டைக் காப்பது மட்டும்தான், ஏற்றுவது அல்ல. ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். பக்கத்து மாட்டுக்காரரிடம் வாங்கும் பசும்பாலோ பெட்டிப் பாலோ, எதுவானாலும் இந்த முறைதான். நம் ஊர் அறைச் சூட்டிலேயே உறைந்த தயிரைத்தான் பிடிக்கும் என்பவர்கள் பெட்டி இல்லாமலேயே செய்யலாம். அது கொஞ்சம் தளர்வாக, சில நேரம் கொழகொழவென்று இருக்கும், ருசியில் குறை இல்லை.

கம்ப்ரசர் 'டக்' என்கிறது, ஆனால் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'.

நின்ற கம்ப்ரசரை உடனே கிளப்பப் பார்த்தால் இப்படி ஆகும். நின்றவுடன் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாக இருக்கும். அது சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கரண்ட் கொடுத்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறும், சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் துண்டிக்கும். அந்த ஓசைதான் நீங்கள் கேட்பது. தொடர்ந்து விட்டால் கம்ப்ரசர் எரிந்துபோகும்.

கண்ட்ரோலரில் காத்திருப்பு நேரம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஐடிசி-308-இல் அதன் எழுத்து பி.டி. (PT), எஸ்டிசி-1000-இல் எஃப்3. வரும்போது 3 நிமிடமாக இருக்கும், பத்து நிமிடம் வரை ஏற்றலாம். பழைய பிரிட்ஜுக்கு 5-க்குக் குறையாமல் வையுங்கள், 10 வைத்தாலும் நட்டமில்லை. அதை மாற்றியும் இதே ஓசை வந்தால் கம்ப்ரசரின் ரிலே கெட்டிருக்கலாம். பிரிட்ஜ் பழுது பார்ப்பவருக்கு அது சின்ன வேலை.

பல்பும் குளிரும் மாறி மாறி ஓடுகிறது. கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது அண்ணே.

இடைவெளியைக் குறுக்கி வைத்திருப்பீர்கள். எத்தனை டிகிரி இறங்கினால் பல்பு எரியலாம், எத்தனை டிகிரி ஏறினால் குளிர் ஓடலாம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அரை டிகிரி என்று வைத்தால் இரண்டும் சண்டை போடும். கம்ப்ரசர் நின்ற பிறகும் அந்த உலோகத் தகட்டில் குளிர் மிச்சம் இருக்கிறது, அதனால் சூடு இன்னும் இறங்கும், உடனே பல்பு எரியும், அப்புறம் மறுபடி கம்ப்ரசர். சூட்டுக்கு 1 டிகிரி, குளிருக்கு 1.5 அல்லது 2 டிகிரி கொடுங்கள். தெம்பேக்கு அது போதுமான துல்லியம்.

இன்னும் எளிய வழியும் உண்டு. வெள்ளை நூல் தெரிந்ததும் பல்புப் பிளக்கை உருவிவிடுங்கள். மேலே சொன்னபடி அதற்குப் பிறகு தெம்பேக்கு வெளிச் சூடு பெரும்பாலும் தேவையில்லை. பில் விஷயத்தில், 25 வாட் பல்பு இருபத்து நாலு மணி நேரமும் எரிந்தால்கூட 0.6 யூனிட்தான். பணம் தின்பது கம்ப்ரசர், அதைத் தேவையில்லாமல் ஓட விடாதீர்கள்.

புது இன்வெர்ட்டர் பிரிட்ஜில் மாட்டலாமா?

நான் மாட்டச் சொல்வதில்லை. அதற்குள் இருக்கும் மின்னணுப் பலகை, கரண்ட் எப்போதும் இருக்கும் என்று நம்பி வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை வெட்டிக் கொடுக்கும்போதும் அது புதிதாகத் தொடங்கும். சில மாடல்கள் குளிரத் தொடங்கவே நேரம் எடுக்கும், சிலவற்றில் விசை அழுத்தினால்தான் ஓடும். திருகு வைத்த பழைய பிரிட்ஜ்தான் இதற்குப் பொருத்தம். வீட்டுக்கு வாங்கிய நல்ல பிரிட்ஜைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது, ரப்பரில் கறுப்புப் பூசணம். தெம்பேக்கும் பரவுமா?

பரவலாம், அதனால் இதை அலட்சியமாக விட வேண்டாம். நம் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராகிவிடும். சாதாரணமாக ஓடும் பிரிட்ஜ் உள்காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும். நம் பெட்டி அபூர்வமாகத்தான் குளிர்கிறது, ஆகவே ஈரம் உள்ளேயே தங்குகிறது. உள்ளே வைத்த விசிறி இதற்கும் உதவும். அலமாரிக்கு விற்கிற ஈரம் உறிஞ்சும் டப்பாவைத் தயிர் செய்யும்போது வைக்கலாம். தெம்பே செய்யும்போது வேண்டாம், பூசணத்துக்குக் கொஞ்சம் ஈரம் தேவை. வழியும் தண்ணீர் பொட்டலத்தில் சொட்டாமல் மேலே ஒரு துணி விரித்தால் போதும்.

ஒவ்வொரு முறை முடிந்ததும் ரப்பர் மடிப்புகளைக் குளோரோக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணீரில் துடைத்து, பின்பு நல்ல தண்ணீரில் துடைத்து, காய விடுங்கள். குளோரோக்ஸோடு வினிகரைச் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். பெட்டியைப் பயன்படுத்தாத நாளில் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், இடையில் ஒரு கட்டையை வைத்து அசையாமல் கட்டுங்கள். உள்ளிருந்து திறக்க முடியாத கொக்கி வைத்த மிகப் பழைய பிரிட்ஜாக இருந்தால் கொக்கியைக் கழற்றாமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டி உயிர் போகும்.

தெம்பேயில் கறுப்பாகப் புள்ளி இருக்கிறது. தூக்கிப் போடணும்னு அக்கா சொல்கிறார்கள். போடணுமா?

காற்றுக்காகப் பொட்டலத்தில் துளை போட்ட இடத்தைச் சுற்றிச் சாம்பல் அல்லது கறுப்பு என்றால் பயமில்லை. காற்று அதிகம் பட்ட இடத்தில் பூசணம் முற்றி வித்து விட்டிருக்கிறது. அடுத்த முறை துளைகளைச் சிறிதாக்கி, சில மணி நேரம் முன்னதாக எடுத்துவிடுங்கள். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு தெரிந்தாலோ, பிசுபிசுப்போ அம்மோனியா நாற்றமோ இருந்தாலோ குப்பைக்குத்தான். அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள்.

தயிரையும் தெம்பேயையும் ஒரே நேரத்தில் வைத்தால் கரண்ட் மிச்சம் ஆகுமே?

ஆகாது. ஒன்றுக்கு 31, மற்றொன்றுக்கு 42. நடுவில் எந்த எண்ணை வைத்தாலும் இரண்டும் கெடும். பூசண வித்து தயிரில் விழும் வாய்ப்பும் உண்டு.

மின்னல் வெட்டி டிரிப் ஆகிவிட்டது. காலையில்தான் பார்த்தேன். உள்ளே இருப்பதைச் சாப்பிடலாமா?

எந்தக் கட்டத்தில் டிரிப் ஆனது என்பதைப் பொறுத்தது. தெம்பே வைத்த முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நம் ஊர் இரவுச் சூட்டில் வளர்ச்சி தாமதமாகும், அவ்வளவுதான். மறுபடி போட்டுவிட்டு நேரத்தை நீட்டுங்கள். நூல் ஓடிய பிறகு என்றால், சூடு குறைவது பிரச்சினை அல்ல, சூடு வெளியேற வழி இல்லாமல் மூடிய பெட்டிக்குள் ஏறுவதுதான் பிரச்சினை. கதவைத் திறந்து பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். வெறும் கதகதப்பும் காளான் வாசனையும் என்றால் நல்லது. அம்மோனியா என்றால் முன்பு சொன்னதுதான். வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் உடனே பொட்டலங்களை வெளியே எடுத்து மேசையில் பரப்பிவிடுங்கள்.

தயிர் உறைந்து புளித்திருந்தால் சாப்பிடலாம். உறையாமல் பாலாகவே இரவு முழுக்க இருந்திருந்தால் வேண்டாம். அப்புறம், இடி கேட்டதும் கண்ட்ரோலர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடும் பழக்கம் நல்லது. திரும்பக் குத்தும்போது நீங்கள் வைத்த எண் மாறாமல் இருக்கும்.

திரையில் தெரியும் எண்ணை எப்படி நம்புவது?

சரிபார்த்துவிட்டு நம்புங்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நமக்கு வேண்டிய சூட்டுக்குப் பக்கத்தில் அது நன்றாகத் துல்லியமாக இருக்கும். ஒரு குவளையில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, சென்சரை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, இரண்டின் நுனியையும் ஒன்றாகப் பிடியுங்கள். ஒரு நிமிடம் கலக்கிக்கொண்டே பாருங்கள். சென்சர் 1 டிகிரி கூடுதலாகக் காட்டினால் ஐடிசி-308-இல் சிஏ (CA), எஸ்டிசி-1000-இல் எஃப்4 என்ற அமைப்பில் 1 டிகிரி குறைத்துவிடலாம். முட்டைக்கோசு போடுபவர்கள் நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரிலும் பாருங்கள், அது 0 காட்ட வேண்டும்.

எறும்பு மொய்க்கிறது.

பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள், வயர் சுவரைத் தொடும் இடத்தில் வாசலின் தடவுங்கள். பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். எலி உள்ள வீடுகளில் வயரை மாதம் ஒருமுறை கையோடு பார்த்துவிடுங்கள். கடித்த வயரை டேப் ஒட்டி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அண்ணே, ஆஸ்திரேலியாவில் படித்தபோது இதே மாதிரிப் பெட்டியில் பீர் காய்ச்சினேன். இங்கேயும் செய்யலாமா?

மலேசியாவில் மதுபானம் தயாரிக்க உரிமம் வேண்டும். 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் அதற்கு வழி சொல்லப் போவதில்லை. தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளையாட்டு மனம் வராது.

ஆனால் தம்பி அங்கே கற்றது இங்கே பயன்படும். ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும் என்பார்கள், அதே நேரம் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும்போது வாளிக்குள் சூடு அறையைவிட நாலைந்து டிகிரி ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் சென்சரை வாளியின் பக்கத்தில் ஒட்டி மூடுகிறார்கள். தெம்பேயில் நாம் பார்த்ததும் அதே விஷயம்தான். அவர் போட வேண்டியது முட்டைக்கோசு: எடையில் 2 சதவீதம் உப்பு, 18 டிகிரி, இரண்டு மூன்று வாரம்.

சாந்தான் (தேங்காய்ப்பால்) பிழிந்த தேங்காய்ச் சக்கை வீணாகிறது. சோயாவுக்குப் பதில் அதில் தெம்பே போடலாமா? பாதிக்குப் பாதி கலந்தாலாவது?

கூடாது. பாதியும் கூடாது, கால்வாசியும் கூடாது. மத்திய ஜாவாவில் தேங்காய்ச் சக்கையில் இப்படிச் செய்யும் தெம்பேக்குப் பொங்க்ரெக் என்று பெயர், அதைத் தின்று பலர் செத்திருக்கிறார்கள். இந்தோனேசிய அரசு 1988-இல் அதற்குத் தடை போட்டது. தேங்காயில் வளரும் ஒரு பாக்டீரியா பொங்க்ரெக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அதற்கு நிறமோ வாடையோ இல்லை, வேக வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. மற்ற கேள்விகளில் மோந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். இதில் மூக்கும் கையும் காட்டிக் கொடுக்காது. பெட்டி எவ்வளவு துல்லியமாக 31-இல் நின்றாலும் காப்பாற்றாது.

சக்கையை அன்றைக்கே வாணலியில் வறுத்துத் தேங்காய்ப் பொடிக்குச் சேருங்கள், இல்லாவிட்டால் வாழைக்கு உரமாகப் போடுங்கள். தெம்பே போட ஆசை இருந்து சோயா கிடைக்கவில்லை என்றால் கொண்டைக்கடலையில் செய்யலாம். ஊற வைத்து, தோல் நீக்கி, வேக வைத்து, மேல் ஈரம் போகத் துடைத்து, ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி வினிகர் கலந்த பிறகு தெம்பே ராகிப் பொடி (பூசண வித்து உள்ள உறைப்பொடி, கேழ்வரகு அல்ல) தூவுங்கள். மற்றதெல்லாம் சோயாவுக்குச் சொன்னதுதான், சென்சர் வைக்கும் இடமும் அதே.